கை கால் குடைச்சலுக்குப் பின்னால்: வேலூர் வட்டார முதியோரும் மனச்சோர்வும்

வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் "எனக்கு மனசு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போவது அபூர்வம். கை கால் குடைச்சல் என்பார். நெஞ்சு படபடக்குது, தலை பாரமா இருக்குது, வாயெல்லாம் கசக்குது, சோறு இறங்கல, ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது என்பார். ஊசி போட்டுக்கொண்டு, சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு, சில சமயம் குளுக்கோஸும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார். பதினைந்து நாளில் மறுபடியும் அதே குடைச்சல். ஈசிஜி எடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், எல்லாம் நார்மல் என்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குச் சலித்துவிடும். "வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அதோடு விட்டுவிடுவார்கள்.

இப்படி அலைகிறவர்களில் பலருக்கு இருப்பது மனச்சோர்வு. நரையைப் போல வயதோடு தானாக வந்து சேர்கிற ஒன்றல்ல அது. பெரும்பாலான முதியவர்களுக்கு அது வருவதே இல்லை. வந்தவர்களிலும் சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். அப்படியிருந்தும் நம் பக்கத்தில் அது கண்டுபிடிக்கப்படாமலே போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனென்றால் இதைப் பற்றி நம் ஊரிலேயே, நம் ஜனங்களிடமே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது.

கணியம்பாடி சொன்னது

வேலூரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் போனால் வரும் கணியம்பாடி வட்டாரத்தில், வேலூர் சிஎம்சி என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக ஊர் ஊராகப் போய் வேலை செய்துவருகிறது. அந்த வட்டாரத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 1000 பேரை நேரில் சந்தித்து விசாரித்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2009இல் வெளிவந்தன. அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மனச்சோர்வு நோய் இருந்தவர்கள் 12.7 சதவீதம். அதாவது எட்டுப் பேரில் ஒருவர். ஊர்க் கோயில் திண்ணையில் எட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் அதில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கும் என்று சராசரியாகச் சொல்லலாம். ஆனால் நோய் உள்ளவர் பெரும்பாலும் அந்தத் திண்ணைக்கு வருவதையே நிறுத்தியிருப்பார்.

எண்ணிக்கையைவிட அந்த ஆய்வு காட்டிய காரணங்கள்தான் முக்கியம். குறைந்த வருமானம், சர்க்கரை நோய், இதய நோய், வந்து உடனே சரியாகிவிடும் சிறு பக்கவாதம், எப்போதோ தலையில் பட்ட அடி ஆகியவை மனச்சோர்வோடு சேர்ந்து வந்தன. இவையெல்லாம் உலகம் முழுக்கத் தெரிந்தவைதான். இவற்றோடு இன்னொன்றும் பட்டியலில் இருந்தது: பசி. வயிற்றுக்கு இல்லாமல் பட்டினி கிடந்த அனுபவம். பெண்ணாக இருப்பது, ஞாபகக் குறைவு, பிறர் உதவியில்லாமல் நடமாட முடியாமை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இங்கே தனித்து நிற்கவில்லை; பசி நின்றது. எதிர்ப்பக்கத்தில், நோயிலிருந்து காப்பாற்றுவதாகத் தெரிந்தது மனம் விட்டுப் பேச ஆட்கள் இருப்பது.

பசி, மனம் விட்டுப் பேச ஆள். வேலூர் வட்டாரத்து முதியோரின் மனச்சோர்வைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் முன்னால் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. மாத்திரை வேண்டியவர்களுக்கு மாத்திரை கட்டாயம் வேண்டும். அதைச் சாப்பாட்டிலிருந்தும் பேச்சுத்துணையிலிருந்தும் பிரித்துக் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றிப் பிழைத்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் புரை விழுந்து இலை வெட்டுவது கஷ்டமானதும் அவள் கையில் புழங்கிய சொந்தக் காசு நின்றுபோகிறது. வெற்றிலை பாக்குக்கும் பேத்திக்கு மிட்டாய்க்கும் மகனிடம் கை நீட்ட வேண்டும். மகனோ காட்பாடியில் ரயிலேறி பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். மாசம் ஒரு தடவை வருகிறான். பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிய தோழிகளின் பேச்சும் வேலையோடு போயிற்று. இவளுக்குக் குடைச்சல் வராமல் என்ன செய்யும்? ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஷாப்புகளில் முப்பது வருஷம் உழைத்து, மூச்சு வாங்குவதால் நின்றுவிட்ட ஆண்களிடமும் இதே கதையைக் கேட்கலாம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் பென்ஷன் வருவதால் பசி இருக்காது. ஆனாலும் வாழ்நாளெல்லாம் உத்தரவு போட்டும் உத்தரவு கேட்டும் பழகிய ஒருவருக்கு, தன் பயத்தை இன்னொருவரிடம் சொல்லிக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை. வீடு நிறைய ஆட்கள் இருப்பது வேறு, மனசில் இருப்பதைச் சொல்ல ஒருவர் இருப்பது வேறு. பேரன் பேத்திகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே யாரிடமும் ஒரு வார்த்தை மனம் விட்டுப் பேசாமல் வருஷக்கணக்கில் வாழும் பெரியவர்கள் உண்டு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி நேரம் மனம் கனத்துக் கிடப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது. இந்த இரண்டில் ஒன்றாவது இருந்து, அதோடு தூக்கம், பசி, உடல் தெம்பு, கவனம், தன்னைப் பற்றிய மதிப்பு ஆகியவையும் கெட்டிருந்தால் மனச்சோர்வு என்று டாக்டர்கள் கணிக்கிறார்கள். முதியவர்களிடம் முதலாவது பெரும்பாலும் வெளியே தெரியாது. அழ மாட்டார்கள். சோகமா என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்கள். இரண்டாவதைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும்.

தினமும் டீக்கடைக்குப் போய் பேப்பர் படித்தவர் போவதை நிறுத்திவிட்டாரா? ஆயா வெற்றிலை போடுவதை விட்டுவிட்டாரா? வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால் "நீங்க போய்ட்டு வாங்க" என்கிறாரா? தலை வாராமல், புடவை மாற்றாமல் படுத்திருக்கிறாரா? ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டதா? விடியும் முன்பே முழிப்பு வந்து, காலை நேரம் மிகக் கனமாகவும் சாயங்காலம் கொஞ்சம் தேவலையாகவும் இருக்கிறதா? இவை கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். ஆண்களிடம் மனச்சோர்வு பல சமயம் எரிச்சலாகவும் கோபமாகவும் வரும். முன்பு எப்போதாவது குடித்தவர் தினமும் குடிக்க ஆரம்பிப்பார். ஊரார் குடியைத்தான் பார்ப்பார்கள்.

நோய் முற்றினால் நம்ப முடியாத பேச்சுகள் வரும். "என் குடல் அழுகிப்போச்சு, சாப்பிட்டது எங்க போகும்?", "பணமெல்லாம் போச்சு, நாம தெருவுக்கு வந்துட்டோம்", "நான் செஞ்ச பாவத்தாலதான் பேரனுக்கு ஜுரம்" என்று உறுதியாகச் சொல்வார்கள். இதைப் பேய் பிடித்தது, ஏவல் என்று எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் கோயில் கோயிலாக அலைவதுண்டு. கோயிலுக்குப் போவதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கட்டத்தில் சாப்பாடும் தண்ணீரும் நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டிய நிலை இது.

கணவனையோ மனைவியையோ இழந்த துக்கத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. துக்கம் வந்து வந்து போகும். நடுவில் பேரக்குழந்தையின் சேட்டைக்குச் சிரிப்பும் வரும். இறந்தவரின் நல்ல நினைவுகளைச் சொல்லிக்கொள்வதில் ஓர் ஆறுதலும் இருக்கும். மனச்சோர்வில் அந்த இடைவெளி கிடையாது. "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற எண்ணம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். காரியம் முடிந்து மாதங்கள் போன பிறகும் ஒருவர் எழுந்து உட்காரவில்லை என்றால், துக்கம்தானே என்று காத்திருக்க வேண்டாம்.

கேட்டுப் பார்ப்பதற்கு எளிய வழியும் இருக்கிறது. 1980களில் முதியவர்களுக்கென்றே உருவாக்கிய மனச்சோர்வு அளவுகோல் ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதன் சுருக்க வடிவத்தில் 15 கேள்விகள், பதில் ஆமாம் அல்லது இல்லை. வாழ்க்கையில் திருப்தி இருக்கிறதா, வழக்கமாகச் செய்துவந்தவற்றை விட்டுவிட்டீர்களா, வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். தூக்கம், வலி, பசி பற்றி அதில் கேட்பதில்லை. உடல் நோயாலேயே முதியவர்களுக்கு அவை வரக்கூடும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். மனச்சோர்வைக் காட்டும் பதில்கள் ஐந்துக்கு மேல் வந்தால் டாக்டர் விரிவாகப் பார்க்க வேண்டும். கேள்வித்தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மருமகளும் பக்கத்து வீட்டாரும் சுற்றி நிற்கும்போது கேட்காமல், தனியாக, நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்கார்ந்து கேளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

ஞாபக மறதியா, மனச்சோர்வா?

இங்கேதான் பல குடும்பங்கள் திசை மாறிவிடுகின்றன. மனச்சோர்வு உள்ள முதியவருக்கு ஞாபகம் மங்கும், பதில் சொல்ல நேரமாகும். மறதி நோய் வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிட்டுவிடுகிறார்கள். கவனித்தால் வித்தியாசம் தெரியும். மறதி நோய் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். எப்போது ஆரம்பித்தது என்று வீட்டாரால் சொல்ல முடியாது. மனச்சோர்வில் "தை மாசத்துக்கு அப்புறம்தான் இப்படி ஆனார்" என்று சொல்லிவிடலாம். மறதி நோய் உள்ளவர் தன் மறதியை மறைப்பார், ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். மனச்சோர்வு உள்ளவர் "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று தானே முறையிடுவார். கேள்வி கேட்டால் முயற்சிகூடச் செய்யாமல் "தெரியல" என்பார். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருப்பதும் உண்டு. முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதி நோயின் முன்னறிவிப்பாகவும் அமையலாம். அதனால் மனம் தேறிய பிறகு ஞாபகத்தை மறுபடியும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சில உடல் கோளாறுகளும் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும். தைராய்டு சுரப்பு குறைவது, ரத்த சோகை, வைட்டமின் பி12 குறைவு, கட்டுக்கு அடங்காத சர்க்கரை, நடுக்கு வாதம். இவற்றில் பலவற்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கையைக் காலை அசைக்கப் பயிற்சி கொடுக்கும்போது, அவர் ஏன் ஒத்துழைக்கவில்லை என்று கோபிப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். கண்ணும் காதும்கூட முக்கியம். காது கேட்காதவர் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்குகிறார், ஒதுங்கியவருக்கு மனச்சோர்வு வர வாய்ப்பு கூடுகிறது. ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் ஆஸ்பத்திரியிலோ அரசு ஆஸ்பத்திரியிலோ ஒரு புரை அறுவை செய்துகொண்டால், பீடி சுற்றிய அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் தெரு தெரியும், முகங்கள் தெரியும்.

மாத்திரை பற்றிய பயம்

"மெண்டல் மாத்திரை போட்டா நாள் முழுக்கத் தூங்கிக்கிட்டே இருப்பாங்க, அப்புறம் விடவே முடியாது" என்ற பயம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. இது வந்தது தூக்க மாத்திரைகளிலிருந்து. அல்பிரசோலாம், டயஸபாம் போன்றவை பழக்கமாகிவிடும். வயதானவர்களுக்கு மயக்கம், குழப்பம் வரும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறியும். மனச்சோர்வுக்கு அவை மருந்தும் அல்ல. கடையில் நேராக வாங்கி வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சட்டென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வுக்கான மருந்துகள் வேறு. முதியவர்களுக்குப் பெரும்பாலும் செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவற்றில் தொடங்குவார்கள். இவை அடிமைப்படுத்துவதில்லை, ஆனாலும் நிறுத்தும்போது படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். வாலிப வயதினருக்குக் கொடுப்பதில் பாதி அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும். பத்து நாள் போட்டுவிட்டு "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துவது சிகிச்சை தோற்பதற்கு ஒரு பெரிய காரணம். முதல் சில வாரங்களில் ரத்தத்தில் சோடியம் குறையலாம். தலைசுற்றல், குழப்பம், தள்ளாட்டம் வந்தால் உடனே சோதிக்க வேண்டும். பிபிக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பழைய மருந்தான அமிட்ரிப்டிலின் முதியவர்களுக்கு மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, எழுந்து நின்றால் பிபி இறங்குவது என்று தொல்லை தரும் என்பதால் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். தூக்கமும் பசியும் அறவே போனவர்களுக்கு மிர்டாசபின் உதவும். தேறிய பிறகும் பல மாதங்கள், முதியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்வரை, மருந்தைத் தொடர வேண்டும்.

சாப்பிடாமல், குடிக்காமல், உயிருக்கே ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்கு மின் அதிர்வு சிகிச்சை கொடுப்பார்கள். பழைய சினிமாக்களில் காட்டிய கொடுமையை மனதில் வைத்துப் பயப்படத் தேவையில்லை. மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்தித்தான் செய்கிறார்கள். கடுமையான மனச்சோர்வில் முதியவர்களிடம் நன்றாகவே வேலை செய்யும் சிகிச்சை அது. சில நாள் ஞாபகத் தடுமாற்றம் வரலாம்.

பேச்சும் சோறும்

மருந்தில்லாத சிகிச்சை பற்றி 2019இல் கோவாவிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வந்தது. மனச்சோர்வின் ஆரம்ப அறிகுறிகள் மட்டும் இருந்த 181 முதியவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, மனநலப் படிப்புப் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் உதவினார்கள். பிரச்சினையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துத் தீர்ப்பது, தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது, சர்க்கரை மாதிரி நோய்களைக் கவனித்துக்கொள்வது, அரசு உதவிகளை வாங்கிக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். ஒரு வருஷத்துக்குள் முழு மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் அந்தப் பிரிவில் 4.4 சதவீதம், மற்ற பிரிவில் 14.4 சதவீதம். உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பதையும் சிகிச்சையின் அங்கமாக வைத்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது.

நம் மாவட்டத்தில் அதைச் செய்ய ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் தன்னார்வலர் அந்த ஊர்க்காரப் பெண்தான். பிபி பார்க்கும்போதே "ரெண்டு வாரமா மனசு கனமா இருக்கா? எதுலயாவது இஷ்டம் இல்லாம போச்சா?" என்று இரண்டு கேள்வி கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. இந்தப் பயிற்சியை அவர்கள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

அப்புறம் பசி. முதியோர் உதவித்தொகை, ஊர்ப் பேச்சில் ஓஏபி, 2023இல் மாதம் 1200 ரூபாயாக உயர்ந்தது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் அது கிழவியின் கையில் நேராக வரும் பணம். வராமல் நின்றுபோனால் தாலுக்கா ஆபீசிலும், கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்வுக் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கே.வி.குப்பம் பக்கம் சிஎம்சியின் கிராமப்புறப் பிரிவான ரூசா, ஆதரவில்லாத முதியவர்கள் பகலில் கூடி உட்கார்ந்து மதியம் சாப்பிட மையங்களை ஏற்படுத்தியிருக்கிறது. சோறும் பேச்சுத்துணையும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஏற்பாடு அது. கவனிக்காத பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அவர்கள் பராமரிக்காவிட்டால் ரத்து செய்யவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. பெரும்பாலான பெற்றோர் பிள்ளைமேல் மனு கொடுக்க மாட்டார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். உரிமை இருப்பது தெரிந்திருப்பதே சிலருக்குத் தெம்பு.

சாவைப் பற்றிப் பேசினால்

"போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்பதை நம் வீடுகளில் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். அதனாலேயே காது கொடுப்பதில்லை. கணியம்பாடி வட்டாரத்தில் நடந்த ஆய்வுகளில், முதியவர்களின் தற்கொலை விகிதம் நாட்டின் அரசுக் கணக்கைவிடப் பல மடங்காக இருந்தது. எனவே கேளுங்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புகுந்துவிடாது. பெரும்பாலும் ஒரு பாரம் இறங்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மொத்த மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். டெலிமானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இருபத்து நாலு மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104இலும் ஆலோசனை கிடைக்கும். முதியோருக்கான உதவி எண் 14567.

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சொல்லலாம். மாவட்ட மனநலத் திட்டத்தோடு இணைத்துவிடுவார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காட்பாடியிலிருந்து டவுன் பஸ் போகும் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1950களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. உள்நோயாளியோடு வீட்டார் ஒருவர் கூடவே தங்கியிருப்பது அங்கே தொடக்கத்திலிருந்தே வழக்கம். பாகாயம் என்றதும் தயங்குகிறவரிடம் "தூக்கத்துக்கும் படபடப்புக்கும் காட்டிட்டு வரலாம்" என்று சொல்லி அழைத்துப் போகலாம். அது பொய்யில்லை, அவருக்கு இருக்கும் தொல்லை அதுதான். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கூடப் போவது தினமும் அவரைக் கவனித்துக்கொள்பவராக இருக்கட்டும். அது அவர் மனைவியாகவோ மருமகளாகவோ இருந்தால், அந்தப் பெண்ணின் தூக்கமும் சாப்பாடும் எப்படி இருக்கின்றன என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் இதே நோய் வருவது சகஜம்.